கூட்டத்தின் கோபம் யார் தலையில் விழும்? – பிரேசில் உலகக் கோப்பைப் பயணக் குறிப்புகள்

ஜூலை 7, 2014, திங்கள் – பெலோ ஹொரிசான்டே

நாளை மாலை ஐந்து மணிக்கு இங்கே மினெய்ராவ் மைதானத்தில் பிரேசிலுக்கும் ஜெர்மனிக்கும் அரையிறுதி. விமான நிலையத்திலிருந்து வந்த பேருந்திலேயே ஊரின் மனநிலை தெரிந்துவிட்டது. ஓட்டுநருக்கு மஞ்சள் சட்டை, முன்சீட்டுப் பாட்டிக்கு மஞ்சள் சட்டை, பாட்டி மடியில் தூங்கிய கைக்குழந்தைக்கும் மஞ்சள் சட்டை. ஆனால் பேச்சில் கொண்டாட்டம் இல்லை. நெய்மர், நெய்மர் என்று ஒரே புலம்பல். வெள்ளிக்கிழமை ஃபோர்டலேசாவில் நடந்த காலிறுதியில் கொலம்பியாவின் சூனிகா முழங்காலால் இடித்ததில் நெய்மருக்கு முதுகெலும்பில் முறிவு. கேப்டன் தியாகோ சில்வாவும் இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கியதால் நாளை ஆட முடியாது. தாக்குதலுக்கும் ஆள் இல்லை, தடுப்புக்கும் ஆள் இல்லை.

சான்டா தெரேசா என்ற பழைய பகுதியில் ஒரு வீட்டு மாடியில் அறை கிடைத்தது. போய் இறங்கியதும் வீட்டுக்கார அம்மா ஒரு தட்டு நிறைய பாவ் ஜி கேய்ஜு கொண்டுவந்து வைத்தார். மரவள்ளிக்கிழங்கு மாவில் பாலாடைக்கட்டியைப் பிசைந்து சுட்ட உருண்டை, இந்த மாநிலத்தின் பெருமை. மேலே மொறுமொறு, பிய்த்தால் உள்ளே நூல் நூலாக இழுக்கிறது. சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டார்.

அவருடைய அப்பாவுக்கு எண்பது வயது. கல்லூரியில் படிக்கும் பேத்திதான் ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லி எங்களைப் பேசவைத்தாள். வடசென்னையில் உலகக் கோப்பை வந்தால் தெருவில் பிரேசில் கொடி கட்டுவோம் என்று நான் சொன்னதைத் தாத்தா இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னார். அப்புறம் அவராகவே 1950-க்குப் போய்விட்டார்.

அது பிரேசிலில் நடந்த முதல் உலகக் கோப்பை. ஜூலை 16, மரக்கானா மைதானம், கடைசி ஆட்டம் உருகுவேயோடு. டிரா செய்தாலே கோப்பை பிரேசிலுக்கு. டிக்கெட் வாங்கி வந்தவர்களே ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல். முதல் கோல் பிரேசில்தான் போட்டது. பிறகு ஸ்கியாஃபினோ சமன் செய்தார். 79-வது நிமிடத்தில் வலது ஓரமாக ஓடிவந்த கிஜியா, கோல்கீப்பருக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருந்த சந்தில் பந்தை அடித்துவிட்டார். 2–1. தாத்தா அன்றைக்குப் பக்கத்து வீட்டு ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தாராம். ஆட்டம் முடிந்தும் யாரும் எழுந்து வீட்டுக்குப் போகவில்லையாம்.

"பார்போசா" என்றார். அந்த ஒரு பெயரை மட்டும் யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மோவாசிர் பார்போசா, அன்றைய கோல்கீப்பர். கறுப்பினத்தவர். அந்தக் காலத்தில் உலகின் சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவர். அந்த ஒரு பந்துக்காக மிச்ச வாழ்நாள் முழுக்கப் பழி சுமந்தார். பல வருடம் கழித்து ஒரு கடையில் ஒரு பெண், "பிரேசில் முழுவதையும் அழவைத்த ஆள் இவர்தான்" என்று தன் மகனிடம் அவரைச் சுட்டிக்காட்டியதாக அவரே சொல்லியிருக்கிறார். இந்த நாட்டில் அதிகபட்ச தண்டனையே 30 வருடம்தான், நான் 50 வருடம் அனுபவித்துவிட்டேன் என்றும் சொன்னார். 2000-ல் இறந்துபோனார். அவரோடு சேர்ந்து பழி சுமந்த பிகோஜி, ஜுவெனால் இருவரும்கூடக் கறுப்பினத்தவர்களே. அந்த அணியில் வெள்ளையர்களும்தான் ஆடினார்கள்.

தாத்தாவிடம், நீங்களும் அவரைத் திட்டினீர்களா என்று கேட்டேன். "எல்லாரும் திட்டினோம்" என்றார். நாளைக்கு இந்தப் பையன்கள் ஜெயித்தால் அதோடு அது முடிந்துவிடும் என்றார்.

ஜூலை 8, செவ்வாய் – மினெய்ராவ்

இரவு பத்தரை மணி. பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். 7–1. ஏழு, ஜெர்மனிக்கு. இங்கே வரிசையில் நிற்கிறவர்களும் இன்னும் அதே எண்ணைத்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன். மதியமே மைதானத்துக்குப் போய்விட்டேன். பாம்புல்யா ஏரிப் பக்கம் நல்ல வெயில், ஆனால் குளிர்காற்று. நெய்மர் முகமூடி போட்ட சிறுவர்கள், நெய்மர் பெயர் எழுதிய அட்டைகள். உள்ளே ஃபெய்ஜாவ் ட்ரோபெய்ரு வாங்கினேன். பீன்ஸும் மரவள்ளி மாவும் பன்றி இறைச்சியும் கீரையும் முட்டையுமாக ஒரு கலவை. மினெய்ராவுக்கு வந்துவிட்டு இதைச் சாப்பிடாமல் போனால் வந்ததற்கே அர்த்தமில்லை என்று வீட்டுக்கார அம்மா காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்.

தேசிய கீதத்தை ஃபிஃபா பாதியில் நிறுத்திவிடும். போன வருடம் உலகக் கோப்பைக்கு முன்னோட்டமாக நடந்த கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையிலிருந்தே இங்கே கூட்டம் அதை ஏற்பதில்லை. இசை நின்ற பிறகும் வெறும் குரலில் மிச்சத்தைப் பாடி முடிக்கிறார்கள். டேவிட் லூயிஸும் ஜூலியோ சீஸரும் நெய்மரின் பத்தாம் எண் சட்டையைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியப் பாடினார்கள். என் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எனக்கு இது பிறந்த நாடு இல்லை, ஆனாலும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

11-வது நிமிடம் முல்லர். சரி, ஒரு கோல்தானே, திருப்பி அடிக்கலாம் என்று கத்தினார்கள். 23-ல் க்ளோஸ. 24-ல் குரூஸ். 26-ல் மறுபடி குரூஸ். 29-ல் கெதிரா. ஆறு நிமிடத்துக்குள் நான்கு கோல். ஒரு கோலை ஜீரணிப்பதற்குள் அடுத்தது. என் பக்கத்து இருக்கையில் ஒருவர் பத்து வயது மகனோடு வந்திருந்தார். இரண்டாவது கோலுக்குத் தலையில் கை வைத்தார். மூன்றாவதுக்கு மகனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான்காவது விழுந்தபோது பையன் நெய்மர் முகமூடியைக் கழற்றி, அதன் ரப்பர் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தான். மைதானத்தைப் பார்க்கவில்லை. அப்பா அவன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

க்ளோஸ போட்டது உலகக் கோப்பையில் அவருடைய 16-வது கோல். ரொனால்டோவின் 15 என்ற சாதனை, ரொனால்டோ டிவி வர்ணனையாளராக அதே மைதானத்தில் உட்கார்ந்திருக்கும்போதே உடைந்தது. போட்டி ஆட்டங்களில் பிரேசில் சொந்த மண்ணில் தோற்றது கடைசியாக 1975-ல். பெருவிடம். அதுவும் இதே மினெய்ராவில்தான்.

இடைவேளையிலேயே நிறையப் பேர் கிளம்பினார்கள். சிலர் அழுதுகொண்டே படியிறங்கினார்கள். இருந்தவர்களின் துக்கம் கொஞ்ச நேரத்தில் கோபமாக மாறியது, அந்தக் கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. முன்வரிசை ஆட்டக்காரர் ஃபிரெட் கிடைத்தார். பெரிய திரையில் அவர் முகம் தெரிந்தாலே ஊளை. பந்து அவர் காலில் பட்டால் ஊளை. அச்சில் ஏற்ற முடியாத வசையை மைதானமே ராகம் போட்டுப் பாடியது. ஜனாதிபதி ஜில்மாவுக்கும் அதில் பங்கு கிடைத்தது. ஃபிரெட் இதே மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்துக்காரர். இந்த ஊரின் குருசெய்ரோ அணிக்கு ஆடியவர். போன வருடம் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை இறுதியில் ஸ்பெயினுக்கு எதிராக இரண்டு கோல் போட்டபோது இவரைத்தான் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். இன்றைக்கு ஏழு கோலும் விழுந்தது தடுப்பு வரிசையின் ஓட்டையில். முன்வரிசையில் நின்ற ஃபிரெட் அதற்கு என்ன செய்திருக்க முடியும்? அவரை வெளியே எடுத்தபோது வந்த சத்தம்தான் பிரேசில் ரசிகர்கள் இன்று போட்ட பெரிய ஆரவாரம். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆனால் இதே கூட்டம் இன்னொன்றும் செய்தது. ஷூர்லே 79-வது நிமிடத்தில் ஏழாவது கோலை மேல்கம்பத்தில் பட்டு உள்ளே விழும்படி அடித்தபோது, எழுந்து நின்று கைதட்டினார்கள். ஜெர்மானியர்கள் பந்தைக் கடத்தக் கடத்த 'ஓலே' சொன்னார்கள். சொந்த அணியைக் குத்திக்காட்டத்தான் அது, உண்மைதான். ஆனால் என் பக்கத்து இருக்கைக்காரர் தட்டியது அப்படி இல்லை. நல்ல ஆட்டத்தைப் பார்த்த மனிதர் தட்டுகிற கைத்தட்டல் அது. பையனையும் தட்டச் சொன்னார். பையன் தட்டினான். 90-ல் ஆஸ்கர் ஒன்று போட்டார். யாரும் அதற்கு எழுந்திருக்கவில்லை.

சென்னையிலிருந்து தம்பியின் செய்தி: "அண்ணா, ரீப்ளே போடறாங்கன்னு நெனச்சேன். ஸ்கோர் மாறிட்டே இருக்கு." அங்கே அப்போது விடிகாலை இரண்டு மணி.

சாவோ பாவ்லோ பேருந்து வந்துவிட்டது.

ஜூலை 9, புதன் – சாவோ பாவ்லோ

ராத்திரி முழுக்கப் பேருந்தில் யாருமே சத்தமாகப் பேசவில்லை. இந்த ஊரில் சில பேருந்துகளைக் கொளுத்திவிட்டார்கள் என்று ஓட்டுநர் காலையில் சொன்னார். சியெட்டே நிலையத்தில் இறங்கியதும் முதல் வேலையாகப் பத்திரிகைக் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர், வாங்காமல் முதல் பக்கங்களை மட்டும் நின்று படித்துக்கொண்டிருந்தார்கள். அவமானம், கேவலம் என்று கொட்டை எழுத்துகள். விளையாட்டு நாளிதழான லான்சே முதல் பக்கத்தை ஏறக்குறைய வெறுமையாக விட்டிருந்தது, வாசகர்களே நிரப்பிக்கொள்ளட்டும் என்று.

என்னை நிறுத்தியது ரியோவிலிருந்து வரும் எக்ஸ்ட்ரா நாளிதழின் முதல் பக்கம். ஒரு மாணவர் கைப்பேசியில் காட்டி அர்த்தம் சொன்னார். 1950-ல் இரண்டாமிடம் பிடித்த அணிக்கு வாழ்த்து. பிரேசில் கால்பந்தின் மிகப்பெரிய அவமானம் என்று இத்தனை காலம் உங்களைத்தானே குற்றம் சொன்னோம், நிஜமான அவமானம் என்ன என்று நேற்றுதான் தெரிந்துகொண்டோம் என்ற கருத்தில் எழுதியிருந்தார்கள். கூடவே பழைய அணியின் படம்.

அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்போசா உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு 93 வயது. கோல் போட்ட கிஜியா 87 வயதில் மான்டிவீடியோ பக்கம் நலமாக இருக்கிறார். கோப்பைக்கான குலுக்கல் விழாவுக்குக்கூட டிசம்பரில் பிரேசில் அழைத்துக் கௌரவித்தது. கோல் போட்டவனுக்கு மரியாதை, கோல் வாங்கியவனுக்கு ஐம்பது வருடத் தண்டனை. இந்த மன்னிப்பை எழுத ஏழு கோல் தேவைப்பட்டிருக்கிறது.

பயிற்சியாளர் ஸ்கொலாரி நேற்றே, பொறுப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது. டிவியில் பேசுகிறவர்கள் மட்டும் ஃபிரெட்டை விடுவதாக இல்லை.

மாலையில் ஆன்யாங்கபாவு பள்ளத்தாக்கில் பெரிய திரை வைத்து அர்ஜென்டினா–நெதர்லாந்து அரையிறுதி. தூறல் நிற்கவே இல்லை. மைதானம் இதே ஊரில் இட்டாகெராவில். எனக்கு அதற்கு டிக்கெட் இல்லை. திங்கட்கிழமை இறந்த, அர்ஜென்டினாவில் பிறந்த பழைய நட்சத்திரம் டி ஸ்டெஃபானோவுக்காக மௌன அஞ்சலி செலுத்தியபோது, திரைக்கு முன்னால் மழைக்கோட்டோடு நின்றிருந்த அர்ஜென்டினா ரசிகர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். மஞ்சள் சட்டைகளும் அடங்கி நின்றன. அதன் பிறகு அடக்கம் எதுவும் இல்லை. அர்ஜென்டினாக்காரர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஸ்பானிஷில் சத்தம் போட்டு ஏழு வரை எண்ணுவார்கள். பிரேசில்காரர்கள் நெதர்லாந்தின் ஆரஞ்சுக்காகக் கத்துவார்கள்.

120 நிமிடமும் கோல் இல்லை. பெனால்டியில் 4–2, அர்ஜென்டினாவுக்கு. கோல்கீப்பர் ரொமேரோ இரண்டைத் தடுத்தார், விளாரையும் ஸ்நைடரையும். ரொமேரோவுக்கு இந்த சீசனில் மொனாக்கோவில் ஆட வாய்ப்பே சரியாகக் கிடைக்கவில்லை. பெஞ்சில் உட்காருகிற ஆளை ஏன் கூட்டிப்போகிறீர்கள் என்று அவர் நாட்டிலேயே கேட்டவர்கள் உண்டு. என் பக்கத்தில் நின்ற, அர்ஜென்டினாவின் ரொசாரியோ ஊர்க்காரர், "நானும்தான் கேட்டேன்" என்று சொல்லி அழுதார். இன்று அவர்களுடைய சுதந்திர தினமும்கூட.

ஜூலை 11, வெள்ளி – ரியோ போகும் வழி

நேற்று துணி துவைத்தேன், தூங்கினேன். இன்று துத்ரா நெடுஞ்சாலையில் ஆறு மணி நேரப் பேருந்து. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் அர்ஜென்டினா எண் தகடுகளை எண்ணிக்கொண்டே வரலாம். பழைய கார்கள், வேன்கள், கூரையில் மெத்தை கட்டிய வண்டிகள். ஒரு வண்டியின் பின்கண்ணாடி முழுக்க மரடோனா. சாப்பாட்டுக்கு நிறுத்திய இடத்தில் டிவி, டிவியில் ஃபிரெட். கல்லாவில் இருந்த அம்மா, எழுந்து போய் சத்தத்தைக் குறைத்தார். அவருக்கு ஒரு காபி சேர்த்து வாங்கிக் கொடுக்க வேண்டும் போல இருந்தது.

ஜூலை 12, சனி – ரியோ

ரியோவுக்கு வந்தால் எல்லாரும் கிறிஸ்து சிலைக்குப் போவார்கள். நான் காலையில் சாவோ ஜனுவாரியோவுக்குப் போனேன். வாஸ்கோ ட காமா கிளப்பின் மைதானம், 1927-ல் திறந்தது. பார்போசா இந்த கிளப்பின் கோல்கீப்பர். 1948-ல் தென்னமெரிக்க சாம்பியன் கிளப்புகளுக்கு இடையே நடந்த போட்டியில் வாஸ்கோ வென்றபோது கம்பங்களுக்கு நடுவில் நின்றவர் அவர்தான்.

வாஸ்கோவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1923-ல் கறுப்பினத்தவரும் கூலித் தொழிலாளிகளும் ஆடிய அணியோடு ரியோ பட்டத்தை வென்றது. மேட்டுக்குடி கிளப்புகளுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வருடம், இந்தப் பன்னிரண்டு பேரை நீக்கினால்தான் எங்கள் சங்கத்தில் இடம் என்றார்கள். நீக்க மாட்டோம், உங்கள் சங்கமே வேண்டாம் என்று வாஸ்கோ எழுதிக் கொடுத்துவிட்டது. அந்தக் கடிதத்தை இன்றைக்கும் ரசிகர்கள் பெருமையோடு சொல்கிறார்கள். இப்போது கிளப் இரண்டாம் டிவிஷனில் இருக்கிறது.

வாசலுக்கு எதிரே கரும்புச்சாறு விற்கிறவர் வாஸ்கோ சட்டைதான் போட்டிருந்தார். குறுக்குப் பட்டை போட்ட அந்தக் கறுப்புச் சட்டையைப் பார்த்ததும் போய் நின்றேன். பார்போசா என்று சொன்னேன். சாறு பிழிவதை நிறுத்திவிட்டு, நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். தெரிந்த கொஞ்சம் ஸ்பானிஷில் நானும், கொஞ்சம் ஆங்கிலத்தில் அவருமாகப் பேசினோம். பிரேசில்தான் அவரைத் திட்டியது, வாஸ்கோ திட்டவில்லை என்றார். 1950-க்குப் பிறகும் அவர் இதே கிளப்புக்குப் பல வருடம் ஆடினார், இங்கே யாரும் அவரைப் பார்த்து முகம் திருப்பவில்லை என்று அவர் அப்பா சொல்லியிருக்கிறாராம். காசு வாங்க மறுத்துவிட்டார்.

மாலையில் பிரேசிலியாவில் மூன்றாமிடத்துக்கான ஆட்டம், பிரேசிலுக்கும் நெதர்லாந்துக்கும். லாபா பக்கம் ஒரு சின்னக் கடையில் பார்த்தேன். மூன்றாவது நிமிடத்திலேயே பெனால்டி, வான் பெர்சி. 17-ல் பிளைண்ட். முடிவில் 3–0. செவ்வாய்க்கிழமை பதறிய ஜனம் இன்று பதறவில்லை. டிவியைப் பார்க்காமல் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஃபிரெட் களமிறங்கவே இல்லை. அப்படியும் ஒருவர் சீட்டைக் கீழே போடும்போது அவர் பெயரைச் சொல்லித் திட்டினார். ஆடாத ஆட்டத்துக்கும் அவர்மேல்தான் பழி.

ராத்திரி சம்பாட்ரோம் பக்கம் போனேன். கார்னிவல் ஊர்வலம் நடக்கும் அந்த நீண்ட காங்கிரீட் தெருவை மாநகராட்சி அர்ஜென்டினாக்காரர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. வண்டி வண்டியாக நிற்கிறார்கள். காருக்குள்ளேயே தூக்கம், வெளியே அடுப்பு மூட்டி சொரிசோ தொத்திறைச்சி சுடுகிறார்கள், மாத்தே என்ற மூலிகை பானக் குடுவை கைக்குக் கை போகிறது. டிக்கெட் வைத்திருப்பவர்கள் சொற்பம். மற்றவர்கள், மரக்கானா இருக்கும் ஊரில் நாளைக்கு இருந்தால் போதும் என்று வந்தவர்கள். ரொசாரியோவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்தேன். அப்பா மெக்கானிக், அம்மா, எட்டு வயது மகள். மகள் போட்டிருந்தது மெஸ்ஸியின் பத்தாம் எண் இல்லை, ஹிகுவைனின் ஒன்பது. காலிறுதியில் பெல்ஜியத்துக்கு எதிராக அவர் போட்ட கோலை எழுந்து நின்று நடித்தே காட்டினாள்.

பிரேசிலைச் சீண்டும் ஒரு பாட்டு இங்கே நாள் முழுக்க ஓடுகிறது. 1990-ல் மரடோனா பந்தைக் கடத்திக் கொடுக்க, கனிஜியா கோல் போட்டு பிரேசிலை வெளியேற்றிய கதை. கடற்கரையில் பிரேசில்காரர்கள் பெலேயின் ஆயிரம் கோலைச் சொல்லிப் பதில் பாடுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நெய்மரின் முதுகெலும்பு என்று ஒரு பிளாஸ்டிக் எலும்பைச் சிலர் தூக்கிப்பிடித்து ஆடியதை மட்டும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. காயம்பட்ட 22 வயதுப் பையன் அவன்.

ஜூலை 13, ஞாயிறு – கோபகபானா

இன்று மரக்கானாவில் ஜெர்மனி–அர்ஜென்டினா இறுதி ஆட்டம். இங்கே கடற்கரையில் பெரிய திரை. மதியம் இரண்டு மணிக்கே மணலில் கால் வைக்க இடமில்லை. வெளிர்நீலமும் வெள்ளையும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஃபிளமெங்கோவின் சிவப்பு–கறுப்புப் பட்டைச் சட்டை. ஜெர்மனியின் மாற்றுச் சட்டையும் அதே நிறம் என்பதால் அதுவே ஜெர்மனி ஆதரவுச் சீருடையாகிவிட்டது. ஐந்து நாளுக்கு முன்னால் ஏழு கோல் போட்டவர்களுக்காகத் தொண்டை வறளக் கத்துகிறார்கள். அர்ஜென்டினா மரக்கானாவில் கோப்பை தூக்கிவிடக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. பக்கத்து வீட்டுக்காரன் ஜெயிப்பதைவிடத் தன்னை அடித்தவனே ஜெயிக்கட்டும் என்ற இந்த வெறுப்பில் என்னால் சேர முடியவில்லை. நான் மெஸ்ஸிக்காகக் கத்தினேன்.

21-வது நிமிடம். டோனி குரூஸ் தலையால் பின்னால் தட்டிய பந்து நேராக ஹிகுவைன் காலுக்கு வந்தது. எதிரே ஜெர்மனி கோல்கீப்பர் நோயர் மட்டும். நிதானிக்க நேரம் இருந்தது. வெளியே அடித்தார். கடற்கரை முழுக்க ஒரே நேரத்தில் தலையில் கை. ஒன்பது நிமிடம் கழித்து அவரே வலைக்குள் அடித்துவிட்டு ஓடினார், கொடி உயர்ந்திருந்தது, ஆஃப்சைடு. இடைவேளை முடிந்ததும் மெஸ்ஸியும் ஒன்றைத் தவறவிட்டார். கூடுதல் நேரத்தில் பலாசியோவும். 113-ல் ஷூர்லே இடது ஓரத்திலிருந்து அனுப்பினார், கோட்ஸே மார்பில் வாங்கி, தரையில் விழுவதற்குள் அடித்தார். என்னைச் சுற்றி வாணவேடிக்கை. பிரேசில்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். ஒரு நிமிடம் அவர்களே கோப்பையை வென்றதுபோல் இருந்தார்கள்.

சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தை மெஸ்ஸிக்குக் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு கோப்பையைத் தாண்டி அவர் நடந்தபோது, கிண்டல் செய்துகொண்டிருந்த பிரேசில் பையன்களில் சிலர்கூட வாயை மூடிக்கொண்டார்கள். அங்கங்கே கைகலப்பு, போலீஸ் வந்து பிரித்தது. மைதானத்துக்குப் பக்கத்தில் திஜுகாவில், செலவுகளை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள்மேல் கண்ணீர்ப்புகை வீசினார்கள் என்று விடுதிப் பையன் சொன்னான். ஃபிஃபா தரத்தில் மைதானம் கட்டியதுபோல் அதே தரத்தில் ஆஸ்பத்திரியும் வேண்டும் என்று போன வருடத்திலிருந்து கேட்கிறார்கள். அவனும் அந்தக் கட்சிதான். ஆனால் பிரேசில் ஆட்டம் ஒன்றைக்கூட விடவில்லை.

இருட்டிய பிறகும் அர்ஜென்டினாக்காரர்கள் மணலில் பாடிக்கொண்டிருந்தார்கள். நடுநடுவே ஒரு பெயரைத் திட்டுவது காதில் விழுந்தது. மெஸ்ஸியின் பெயர் இல்லை. பலாசியோவும் இல்லை.

ஜூலை 14, திங்கள் – சம்பாட்ரோம்

பாதி வண்டிகள் காலையிலேயே கிளம்பிவிட்டன. அந்த ரொசாரியோ குடும்பம் இன்னும் இருந்தது. ரேடியேட்டரில் கோளாறு, அப்பா காருக்கு அடியில் படுத்து சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். அம்மா எனக்கும் ஒரு மாத்தே ஊற்றிக் கொடுத்தார். கசப்பு பழகிவிட்டது.

அப்பா வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார். எல்லாம் அந்த ஒரு பந்து. எதிரே ஆளே இல்லை. தெருவில் ஆடுகிற பையன்கூடப் போட்டிருப்பான். அந்த மனிதன் ஊருக்குள் எப்படித் தலைகாட்டப் போகிறான் என்று பார்க்கிறேன்.

நான் அவரிடம் பார்போசாவின் கதையைச் சொன்னேன். கடையில் அந்தப் பெண் சொன்னது, ஐம்பது வருடம், எக்ஸ்ட்ரா பத்திரிகையின் முதல் பக்கம், கரும்புச்சாற்றுக்காரர் நெஞ்சில் கை வைத்தது, எல்லாவற்றையும். மெஸ்ஸியும் பலாசியோவும்கூடத்தானே விட்டார்கள் என்றேன். அரைகுறை ஸ்பானிஷில் எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ. அவர் கடைசிவரை கேட்டார். "அவர் கறுப்பினத்தவர், ஏழை. இவன் நாப்போலியில் கோடி கோடியாகச் சம்பாதிக்கிறான்" என்றார். அதுவும் நியாயமான பேச்சுதான். ஆனாலும் ஒரே ஆளின் தலையில் போடாதீர்கள் ஐயா என்றேன். தோளைக் குலுக்கிவிட்டு மறுபடி காருக்கு அடியில் போய்விட்டார்.

மகள் நேற்றைய அதே ஒன்பதாம் எண் சட்டையோடுதான் தூங்கியிருக்கிறாள் போல. கசங்கியிருந்தது. அடுத்த ஜூனில் சிலியில் தென்னமெரிக்க நாடுகளின் கோப்பையான கோபா அமெரிக்கா நடக்கிறது, மென்டோசா வழியாக மலையைத் தாண்டினால் சான்டியாகோ, இதைவிடப் பக்கம் என்று அம்மா என்னிடம் வழி சொன்னார். நிச்சயம் போவோம் என்றார். காருக்கு அடியிலிருந்து அப்பா, பணத்துக்கு எங்கே போவது என்று கத்தினார். சட்டையை மாற்றச் சொல்லி அம்மா மகளைக் கூப்பிட்டார். அவள் மாட்டேன் என்றாள். சிலியில் ஹிகுவைன் போட்டுவிடுவான், பாருங்கள் என்று எனக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு, பந்தை எடுத்துக்கொண்டு காலியான அந்தக் காங்கிரீட் தெருவில் ஓடினாள். அப்பாவுக்கு டார்ச் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. நான் பிடித்தேன்.